ஊர் மறைத்து வைத்தது: நாட்டார் திகில் படங்களை வீட்டில் பார்க்கத் தொடங்குவோருக்கு

பேய்ப் படம் என்றால் இருட்டிலிருந்து ஒரு முகம் பாய்ந்து வரும், ஸ்பீக்கர் அலறும், நமக்குத் தூக்கிவாரிப் போடும். நம்மில் பலர் இப்படித்தான் பழகியிருக்கிறோம். ஃபோக் ஹாரர் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படும் நாட்டார் திகில் படங்களில் அந்தப் பாய்ச்சல் அபூர்வம். விடாமல் மழை பெய்யும். வயல்காட்டில் காற்று அடிக்கும். ஊர்க்காரர்கள் ஏதோ ஒரு திருவிழாவுக்குத் தயாராவார்கள். புதிதாகப் பார்ப்பவர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "ஒன்றுமே நடக்கலையே" என்று நிறுத்திவிடுவார்.

அருமையான படங்கள் பல இப்படிப் பாதியில் கைவிடப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெரும்பாலும் குறை பார்ப்பவரிடம் இல்லை. தொடங்குவதற்குத் தோதில்லாத படத்தை எடுத்திருப்பார், அல்லது டிவியின் அமைப்பு படத்தின் பாதியை விழுங்கியிருக்கும், அல்லது படத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். மூன்றையும் சரிசெய்துகொள்ளலாம். கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

பேய் யார் என்று கேட்காதீர்கள்

பழையனூர் நீலி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். திருவாலங்காட்டுப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. ஒரு வணிகன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் பழையனூர் வழியாக வரும்போது, கொல்லப்பட்ட அந்த மனைவி, நீலி என்ற பேயாக, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர்" என்று ஊர்ச் சபை முன் வந்து நிற்கிறாள். அவன் பயந்து நடுங்குகிறான். எழுபது வேளாளர்கள் அவனைத் தேற்றி, "உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்து, அவளோடு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தக் கதையில் பயம் எங்கே இருக்கிறது? நீலியின் கோரப் பல்லில் இல்லை. பழைய கொலை ஒன்று தீராமல் கிடக்கிறது. அதை அறியாத ஊர் நடுவில் வந்து பிணை நிற்கிறது. கடைசியில் மொத்த ஊரும் விலை கொடுக்கிறது. தென் மாவட்டங்களில் இசக்கிக்கும் வேறு பல நாட்டார் தெய்வங்களுக்கும் இதே மாதிரியான பிறப்புக் கதைகள் உண்டு. அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் கட்டிக் கொடை கொடுத்து, வில்லுப்பாட்டில் அவர்கள் கதையை ஆண்டுதோறும் பாடும் மரபு நமக்கு இருக்கிறது.

அதனால் படம் பார்க்கும்போது 'பேய் யார், எப்போது வரும்' என்று காத்திருக்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: இந்த ஊர் எதை மறைக்கிறது? யாருக்கு என்ன கடன் பாக்கி? வெளியூர்க்காரர் ஒருவர் வந்து மாட்டிக்கொள்கிறாரே, அவர் யாருடைய கணக்கைத் தீர்க்கப் போகிறார்? இதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், 'ஒன்றுமே நடக்காத' முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை நடக்கிறது என்பது தெரியவரும்.

இந்த வகைக்குப் பெயர் நிலைத்ததற்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. 1968, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனில் வந்த மூன்று படங்களை முன்னோடிகளாகச் சொல்வார்கள்: விட்ச்ஃபைண்டர் ஜெனரல், தி பிளட் ஆன் சாட்டன்ஸ் க்ளா, தி விக்கர் மேன். 2010-ல் நடிகரும் எழுத்தாளருமான மார்க் கேட்டிஸ் பிபிசிக்காகச் செய்த ஆவணத் தொடரில் இந்த மூன்றையும் சேர்த்துப் பேசிய பிறகு பெயர் பரவிவிட்டது. ஆனால் பெயர் வருவதற்கு முன்பே ஜப்பானிலும் சோவியத் நாட்டிலும் இந்தியாவிலும் இப்படிப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ் பார்வையாளர்கள் அங்கிருந்து தொடங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

முதல் படம்: பக்கத்து மண்ணிலிருந்து

முதல் படமாக நான் சொல்வது ராகுல் சதாசிவன் இயக்கத்தில் 2024-ல் வந்த மலையாளப் படம் பிரமயுகம். பதினேழாம் நூற்றாண்டு. தேவன் என்ற பாணன், பாட்டுப் பாடும் குலத்தில் பிறந்தவன், தப்பி ஓடி வந்து காட்டுக்குள் இடிந்துகிடக்கும் ஒரு மனைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது இரண்டே பேர்: கொடுமண் போற்றி என்ற வீட்டுக்காரர், ஒரு சமையல்காரன். போற்றியாக மம்மூட்டி. "பாடு" என்கிறார், இவன் பாடுகிறான். சாப்பாடு போடுகிறார். அப்புறம் தாயக்கட்டை உருட்டக் கூப்பிடுகிறார். பந்தயம் வைக்க இவனிடம் காசு இல்லை. "உன் காலத்தை வை" என்கிறார்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. மலையாளம் நம் காதுக்குப் பாதி புரியும், கண் சப்டைட்டிலிலேயே சிக்கிக் கிடக்காது. பாணன், மனை, சாத்தன், தாயம் எல்லாம் நமக்கு விளக்கம் தேவையில்லாதவை. சாதியும் அதிகாரமும் பயத்தை எப்படிச் செய்கின்றன என்பதைப் படம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. விருந்தோம்பலே சிறையாக மாறுவதைப் பார்க்கும்போது, மேலே சொன்ன கேள்விகள் தாமாக எழும். படம் முழுவதும் கறுப்பு வெள்ளை. அது பயமுறுத்தினால், முதல் பத்து நிமிடம் பொறுங்கள், பிறகு நிறம் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். சோனி லிவ் தளத்தில் வந்தது.

இரண்டாவதாகத் தும்பாட். 2018-ல் வந்த இந்திப் படம், இயக்கம் ராகி அனில் பர்வே. மகாராஷ்டிரத்தில் ஓயாத மழை பெய்யும் ஒரு கிராமம், அங்கே புதையல் காக்கும் ஹஸ்தர் என்ற சபிக்கப்பட்ட தெய்வம். ஒரு சிறுவன் 1918-லிருந்து சுதந்திரம் வரும் காலம் வரை வளர்ந்து, பேராசையோடு அந்தப் புதையலைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறான். வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர் வாரம் என்ற பிரிவைத் தொடங்கிவைத்த முதல் இந்தியப் படம் இது. முதலில் வந்தபோது தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. 2024 செப்டம்பரில் மறுபடி வெளியிட்டபோது முதல் தடவையைவிட அதிகம் வசூலித்தது. வேகமாகப் போகும் படம், இரண்டு மணி நேரம்கூட இல்லை. மெதுவான படங்கள் ஒத்துவராது என்று நினைப்பவர்கள் இதையே முதல் படமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பலர் கேள்விப்பட்டே இராதது: அஸ்ஸாமிய மொழியில் பாஸ்கர் ஹசாரிகா 2015-ல் எடுத்த கோதாநோதி. லட்சுமிநாத் பெஸ்பருவா தொகுத்து 1911-ல் வெளியான பாட்டி கதைகளிலிருந்து நான்கை எடுத்துப் பின்னியிருக்கிறார். மாற்றாந்தாயிடம் சிக்கிய பெண் ஒருத்தி. மகளை மலைப்பாம்புக்குக் கட்டிக்கொடுத்தால் பொன் கிடைக்கும் என்று நம்பும் தாய் ஒருத்தி. இன்னொருத்தி பெற்றது பிள்ளையல்ல, ஒரு காய். அந்தக் காய் அவள் பின்னாலேயே உருண்டு வருகிறது. குழந்தைகளுக்குச் சொன்ன கதைகள் இவை என்பதை நினைத்துக்கொண்டே பாருங்கள். தாலாட்டுக்கும் கொலைக்கும் நடுவில் எவ்வளவு மெல்லிய திரை என்று எனக்குக் காட்டிய படம் இது. என் பட்டியலில் மிகவும் பிரியமானதும் இதுதான்.

டிவியைச் சரிசெய்வது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த வகைப் படங்களில் பாதி விஷயம் நிழலில் இருக்கிறது. கடையில் வைத்திருந்த அமைப்பிலேயே டிவி ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிழல் உங்களுக்குக் கிடைக்காது.

ரிமோட்டில் பிக்சர் செட்டிங்ஸுக்குப் போங்கள். 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று இருந்தால் 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று மாற்றுங்கள். முதலில் படம் மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்தது மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுவது. டிவி தானாக நடுவில் சட்டகங்களைக் கற்பனை செய்து செருகும்போது, பதினேழாம் நூற்றாண்டு மனை நேற்று எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர் இருக்கும். அணைத்துவிடுங்கள். மின்சாரச் சேமிப்பு அமைப்பையும், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மங்கும் அமைப்பையும் படம் முடியும்வரையாவது அணைத்து வையுங்கள். இருண்ட காட்சியை இவை இன்னும் இருட்டாக்கும்.

பிரைட்னஸ் எவ்வளவு வைப்பது? படத்தில் ஓர் இரவுக் காட்சியில் நிறுத்துங்கள். இருட்டில் நிற்பவரின் தலைமுடியும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றாகக் கலந்துவிட்டால் குறைவு, கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்தால் அதிகம், குறையுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டுக்குத் தனி அமைப்பு இருக்கும் டிவியில், பகலில் பார்க்கும்போது அதை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இணைய வேகம் குறைந்தால் முதலில் கெடுவது இருண்ட காட்சிகள்தான். கறுப்பில் கட்டம் கட்டமாக, படிப்படியாகத் தெரியும். ஃபுல் எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. உங்கள் வீட்டில் மாலையில் வேகம் குறையுமானால், பகலிலேயே ஆப்பில் உயர்ந்த தரத்தில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். திரையின் இரு பக்கமோ மேலும் கீழுமோ கறுப்புப் பட்டை வந்தால், ஜூம் செய்து நிரப்பாதீர்கள். அந்தச் சட்டத்துக்குள்தான் இயக்குநர் யோசித்திருக்கிறார்.

அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். முழு இருட்டு கண்ணுக்கு உறுத்தினால், டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கை வையுங்கள். திரையில் எந்த விளக்கும் பிரதிபலிக்கக் கூடாது, அவ்வளவுதான். இருட்டறைக்கு வழியே இல்லாத வீடா? கவலை வேண்டாம். வெயிலில் நடக்கும் திகில் படங்கள் இந்த வகையில் நிறைய உண்டு. ஆரி ஆஸ்டரின் மிட்சொமர், 2019, சூரியன் மறையாத ஸ்வீடன் கோடையில் நடப்பது. பட்டப்பகலில், வெள்ளை உடையில், பூமாலையோடு ஊரே சிரித்தபடி நிற்கும்.

காது கேட்பதுதான் பயம்

மௌனமும் சின்னச் சின்ன ஒலிகளும் இந்தப் படங்களின் உயிர். ஃபேன் சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் பாதி போய்விடும். சென்னைச் சித்திரையில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது, அதனால் ஹெட்ஃபோன் என்பேன். வயர் உள்ளது நல்லது, ப்ளூடூத்தில் சில சமயம் உதடும் ஒலியும் விலகும். டிவி ஸ்பீக்கரில் கேட்பதானால் ஆடியோ பட்டியலில் பல ஸ்பீக்கர்களுக்கான 5.1-ஐ விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள், பேச்சு தெளிவாகக் கேட்கும். முணுமுணுப்புக்கு ஒலியைக் கூட்டி, அலறலுக்குக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் 'நைட் மோட்' இருக்கிறதா பாருங்கள்.

மூல மொழியிலேயே பாருங்கள். டப்பிங் செய்யும்போது பேச்சு மட்டுமல்ல, மந்திரம், ஒப்பாரி, பாட்டு எல்லாம் குரல் மாறிவிடும். பாணன் பாடும் படத்தில் பாணனின் குரல் போனால் என்ன மிச்சம்? அப்புறம் ஒரு சின்ன விஷயம்: சப்டைட்டில் பட்டியலில் காது கேளாதோருக்கான வகை தனியாக இருக்கும். அதில் 'பின்னால் காலடி ஓசை' என்றெல்லாம் எழுத்து முந்திக்கொண்டு வந்துவிடும். அது தேவைப்படாதவர்கள் சாதாரண வகையைத் தேர்ந்தெடுத்தால் காதுக்கு வேலை இருக்கும்.

உட்காரும் முறை

ஒரே மூச்சில் பார்க்க முடிகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். வேறு படங்களை மூன்று தவணையில் பார்க்கலாம், பரவாயில்லை. இந்த வகைப் படம் மெல்ல மெல்ல ஊறிக்கொண்டு வருவது. நடுவில் ஒரு இரவு தூங்கி எழுந்தால் அது வடிந்துவிடும். போனைப் பக்கத்து அறையில் வையுங்கள். ட்ரெய்லர் பார்க்காதீர்கள், விக்கிப்பீடியாவில் கதைச் சுருக்கமும் வேண்டாம். எந்த நாடு, எந்தக் காலம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

தனியாகவா, துணையோடா? முதல் இரண்டு மூன்று படங்களை ஒருவரோடு சேர்ந்து பாருங்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை. முடிந்ததும் பேச ஆள் வேண்டும். வீட்டில் கிராமத்துக் கதைகள் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். பிரமயுகம் மாதிரி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தது" என்று அவர் சொல்லத் தொடங்கினால், அது படத்தைவிடப் பெரிய கொடை.

குழந்தைகள் விஷயத்தில் கவனம். தளங்களில் 13+, 16+, 18+ என்று போட்டிருப்பதைப் பாருங்கள், உங்கள் ப்ரொஃபைலைத் திறக்க ரகசிய எண் (PIN) போடுங்கள். பெரியவர்களுக்கும் சில காட்சிகள் தாங்காது. மிட்சொமர் தொடங்குவதே ஒரு குடும்பத்தில் நடக்கும் கொலையோடும் தற்கொலையோடும். வங்காளத்தில் நடக்கும் புல்புல், 2020, அழகான படம், ஆனால் அதில் பெண் மீதான வன்முறை நேரடியாக வருகிறது. துக்கத்திலோ மனச்சோர்விலோ இருக்கும் நேரத்தில் இவற்றைத் தள்ளிவைப்பதில் எந்தக் குறையும் இல்லை. டஸ் த டாக் டை என்ற இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதிரிக் காட்சிகள் உண்டு என்று தலைப்புவாரியாகப் போட்டிருப்பார்கள்.

கடல் தாண்டிப் போவது

மூன்று இந்தியப் படங்கள் பார்த்தாகிவிட்டதா? சரி, இப்போது தி விக்கர் மேன். ராபின் ஹார்டி இயக்கியது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் ஒரு சிறுமியைக் காணவில்லை என்று கடிதம் வருகிறது. பக்திமானான கிறிஸ்தவப் போலீஸ்காரர் ஒருவர் தேடிப் போகிறார். ஊரே சேர்ந்து "அப்படி ஒரு பெண்ணே இல்லை" என்கிறது. படம் முழுக்கப் பாட்டு, ஆட்டம், வசந்தகாலப் பூக்கள். எடுத்தது உண்மையில் குளிர் தொடங்கிய பிறகு, அதனால் மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டியிருக்கிறார்கள். தேடும்போது 1973 என்ற ஆண்டைச் சரிபாருங்கள். 2006-ல் அதே பெயரில் அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள், நான் சொல்வது அது அல்ல. மூலப் படமே வெவ்வேறு நீளங்களில் கிடைக்கிறது. 2013-ல் வந்த 'ஃபைனல் கட்' கிடைத்தால் அதை எடுங்கள்.

அடுத்து ராபர்ட் எக்கர்ஸின் தி விட்ச், 2015. 1630-களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி. மத விஷயத்தில் ஊரோடு முரண்பட்ட ஒரு குடும்பம் காட்டோரம் தனியே குடியேறுகிறது. கைக்குழந்தை காணாமல் போகிறது, சோளம் அழுகுகிறது, மூத்த மகள் மேல் சந்தேகம் விழுகிறது. அந்தக் காலத்து நாட்குறிப்புகளிலிருந்தும் வழக்கு ஆவணங்களிலிருந்தும் பேச்சை எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சப்டைட்டில் வேண்டும். பெரும்பகுதி பகல் வெளிச்சத்திலும் மெழுகுவத்தியிலும் எடுத்தது, அதனால்தான் டிவி அமைப்பைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

கொரியாவின் தி வெய்லிங், 2016, நா ஹோங்-ஜின் இயக்கியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மலைக்கிராமத்தில் ஒரு நோய், அதோடு தொடர் கொலைகள், ஊருக்குள் வந்த ஒரு ஜப்பானியர் மேல் சந்தேகம். ஒரு தகப்பன் தன் மகளைக் காப்பாற்றப் பூசாரியைக் கூப்பிடுகிறான். அந்தப் பூசாரி பறை முழங்க ஆடும் சடங்குக் காட்சியை, உடுக்கைச் சத்தத்தில் சாமியாட்டம் பார்த்து வளர்ந்த நம்மால் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது. யாரை நம்புவது என்று கடைசிவரை தெரியாது. முடிந்த பிறகு குழப்பமாக இருந்தால் அது இயல்பு. உடனே விளக்கக் காணொளிக்கு ஓடாமல் ஒரு நாள் மனதில் போட்டு வையுங்கள், பிறகு முடிந்தால் மறுபடி பாருங்கள்.

ஜப்பானியப் படங்களைக் கொஞ்சம் பழகிய பிறகு தொடுங்கள். கனெடோ ஷிண்டோவின் ஒனிபாபா, 1964: போர்க்காலம், ஆளுயரக் கோரைப் புல், அதற்குள் ஒளிந்து சிப்பாய்களைக் கொன்று கவசத்தை விற்றுப் பிழைக்கும் மாமியாரும் மருமகளும். பசியின் படம் அது. மசாகி கொபயாஷியின் குவைடான் மூன்று மணி நேரம், நான்கு தனிக் கதைகள். லஃப்காடியோ ஹெர்ன் தொகுத்த ஜப்பானியப் பேய்க் கதைகளிலிருந்து எடுத்தவை. இதற்கு மட்டும் மேலே சொன்ன 'ஒரே மூச்சு' விதியைத் தளர்த்திவிட்டு, ஓர் இரவுக்கு ஒரு கதை என்று பாருங்கள். வானமே வரைந்த திரைச்சீலை. செவியிலி ஹோய்ச்சியின் கதையில், இறந்துபோன வீரர்களுக்கு முன்னால் அவர்கள் தோற்ற போரையே பாடும் பார்வையற்ற பாடகனைப் பார்க்கும்போது, வில்லடிக்கும் அண்ணாவியை நினைக்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.

பயம் வேண்டாம், ஆவி போதும் என்பவர்களுக்கு

எல்லோருக்கும் திகில் பிடிக்க வேண்டியதில்லை. ஆவி வரும், ஆனால் அது துக்கமாகவோ நியாயமாகவோ வரும் படங்கள் தனியாக இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் உட்கார இவை இன்னும் தோதானவை.

மணி கவுலின் துவிதா, 1973, விஜய்தான் தேத்தா எழுதிய ராஜஸ்தானிக் கதை. கல்யாணம் ஆன கையோடு கணவன் வியாபாரத்துக்குப் போய்விடுகிறான். ஆலமரத்துப் பேய் ஒன்று அவன் உருவத்தில் வந்து, தான் யார் என்ற உண்மையை அவளிடமே சொல்லிவிட்டு, அவளோடு வாழ்கிறது. அவளை யாரும் கேட்டதே இல்லை, பேய்தான் கேட்கிறது. ராகுல் சதாசிவன் பிரமயுகத்துக்கு முன்பு எடுத்த பூதகாலம், 2022, ரேவதி நடித்தது. தாயும் மகனும் ஒரு வீட்டில், ஒருவரையொருவர் நம்பாமல். வீட்டில் ஏதோ இருக்கிறதா, மனதில் இருக்கிறதா என்பதைவிட, இவர்கள் எப்போது பேசிக்கொள்வார்கள் என்பதே நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது.

ஹைரோ புஸ்தமந்தேயின் லா யொரோனாவை விட்டுவிடாதீர்கள். குவாட்டமாலா, 2019. பிள்ளைகளை இழந்து நீர்நிலை ஓரம் அழுதபடி அலையும் பெண்ணின் கதை லத்தீன் அமெரிக்கா முழுவதும் சொல்லப்படுவது. இயக்குநர் அதை எடுத்து, பழங்குடி மக்களின் இனப்படுகொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கிழட்டு ஜெனரலின் வீட்டுக்குள் வைக்கிறார். தீர்ப்பு ரத்தாகிறது. வீட்டைச் சுற்றி மக்கள் இரவும் பகலும் கோஷம் போடுகிறார்கள். உள்ளே புதிதாக ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். 2013-ல் அந்நாட்டின் முன்னாள் ஆட்சியாளர் எஃப்ரைன் ரியோஸ் மோன்ட்டுக்கு இதே குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டு, பத்தே நாளில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது தெரிந்து பார்த்தால் படம் வேறு கனம் கொள்ளும். சாட்சி சொல்லும் பெண்களையும் காணாமல் போனவர்களின் படங்களை ஏந்தி நிற்பவர்களையும் பார்க்கும் ஈழத்துத் தமிழர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அதே ஆண்டு ஹாலிவுட்டிலும் கிட்டத்தட்ட இதே பெயரில் ஒரு பேய்ப் படம் வந்தது. தேடும்போது ஸ்பானிஷ் மொழி, குவாட்டமாலா என்று பார்த்து எடுங்கள்.

இதோடு இன்னும் இரண்டு. மத்தி தியோப்பின் அட்லாண்டிக்ஸ், 2019, கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வென்றது. கூலி தராமல் ஏமாற்றப்பட்ட, செனகல் நாட்டு டக்கார் நகரத்துக் கட்டடத் தொழிலாளிகள் படகேறிக் கடலில் போகிறார்கள், பாக்கியைக் கேட்கத் திரும்புகிறார்கள். பாபக் அன்வரியின் அண்டர் த ஷேடோ, 2016, ஈரான்-ஈராக் போரின்போது டெஹ்ரானில் குண்டுக்குப் பயந்த ஒரு தாயும் மகளும், காற்றோடு வரும் ஜின்னும்.

பார்த்து முடித்த பிறகு

படத்தில் வந்த சடங்கோ தெய்வமோ உண்மையில் எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடிப் படியுங்கள். படத்துக்கு முன்பு வேண்டாம், பிறகு. இதில் இரண்டு நன்மை. ஒன்று, இயக்குநர் எதை எடுத்துக்கொண்டார், எதைத் தானே உண்டாக்கினார் என்பது தெரியும். ஹஸ்தர் எந்தப் புராணத்திலும் இல்லை, படத்துக்காக உருவாக்கியது. ஆனால் 2022-ல் வந்த கன்னடப் படமான காந்தாராவில் வரும் பஞ்சுருளியும் குளிகனும் கர்நாடகக் கடலோரத் துளுநாட்டில் இன்றும் மக்கள் வணங்கும் தெய்வங்கள், பூத கோலம் என்ற ஆட்டச் சடங்கு அவர்கள் வழிபாடு.

இரண்டாவது நன்மை எனக்கு இன்னும் முக்கியம். இந்த வகைப் படங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காட்டில் வாழ்பவர்கள், பழங்குடிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர், தனித்து வாழும் கிழவிகள், இவர்களையும் இவர்கள் கும்பிடும் சாமியையும் காட்டி நகரத்து ஆளைப் பயமுறுத்துவது எளிது. யாருடைய நம்பிக்கை இங்கே பூச்சாண்டியாக ஆக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் கேளுங்கள். நம்மூரில் 'சூனியக்காரி' என்று சொல்லி ஊரைவிட்டு விலக்கப்பட்ட பெண்கள் உண்மையான பெண்கள். பிரமயுகமும் லா யொரோனாவும் பயத்தை மேலே, அதிகாரத்தில் இருப்பவர் பக்கம் வைத்தன. அதனாலேயே அவற்றை முன்னால் தள்ளுகிறேன்.

பார்த்தவற்றை ஒரு நோட்டிலோ போனிலோ குறித்து வையுங்கள்: நாடு, ஆண்டு, ஊர் மறைத்தது என்ன, விலை கொடுத்தது யார். நாலைந்து படத்துக்குப் பிறகு உங்களுக்கு எந்தத் திசை பிடிக்கிறது என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும். மழையும் வீடும் பிடித்தவர்கள் மலையாளத்தில் 1964-ல் வந்த பார்கவி நிலையத்துக்குப் பின்னோக்கிப் போகலாம், வைக்கம் முகமது பஷீர் எழுதியது. சாமியாட்டமும் பூசாரியும் பிடித்தவர்களுக்குத் தாய்லாந்தின் தி மீடியம், 2021. பழங்கதைத் தன்மை பிடித்தால் எழுத்தாளர் கோகோலின் கதையிலிருந்து சோவியத்தில் எடுத்த வீய், 1967.

இந்த வகையைப் பற்றி கீயர்-லா ஜனிஸ் இயக்கிய உட்லேண்ட்ஸ் டார்க் அண்ட் டேஸ் பிவிட்ச்ட் என்ற ஆவணப்படம், 2021-ல் வந்தது, மூன்று மணி நேரத்துக்கும் மேல். உலகம் முழுவதும் எங்கெங்கே இப்படிப் படம் எடுத்தார்கள் என்று நாடு நாடாகக் காட்டும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல படங்களின் முடிவுகள் அதில் வந்துவிடும். விக்கர் மேனின் கடைசிக் காட்சியை அதற்கு முன்பே நீங்கள் படத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.